கடைமடை வலி

பத்தொன்பது நாள் பெல்ட் வண்டி ஓட்டினேன்.
வடுவூர், எடமேலையூர்,
கடைசியில் ஈரம் காயாத கோட்டூர் வயல்கள்.
மழை வரும் என்று போனில் யாரோ சொல்ல
சீட்டை விட்டு இறங்காமல் அறுத்த நாட்களும் உண்டு.
அப்போது வலிக்கவில்லை.
வண்டி குலுங்கும் வரை உடம்பு
தன்னையும் ஓர் உதிரிபாகம் என்றே நினைத்திருந்தது.

அறுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை
கூத்தாநல்லூரில், செல்போன் கடை மாடியில்
இதாயத்துல்லாவிடம் முதுகைக் கொடுத்தேன்.
கோலாலம்பூர் ஓட்டலில் பதினோரு வருஷம்
ஊர் ஊராய் வந்தவர்களைப் பிடித்துவிட்ட கை.
"கழுத்துக்குள்ள கல்லு வச்சிருக்கீங்க" என்றார்.
கட்டைவிரலை இறக்கினார்.
"நல்லா அழுத்துங்க பாய்,
காசு கொடுக்கிறேன்ல" என்றேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

எழுநூறு ரூபாய்.
இறங்கும்போது படிகள் பஞ்சாக இருந்தன.
பஸ்ஸில் தூங்கி
என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் காலை
பல் விளக்கக் கை எழவில்லை.
யாரோ ராத்திரி உரலைத் தூக்கி வந்து
தோளில் இறக்கிவிட்டுப் போனது மாதிரி.
செங்கமலம்தான் சட்டை மாட்டிவிட்டாள்.
"காசு கொடுத்து அடி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன்.
பாய் முந்திக்கொண்டார்.
கை மரத்துப்போகுதா? வீக்கம்? காய்ச்சல்?
ஒண்ணுக்கு டிகாஷன் மாதிரி போகுதா?
இல்லை பாய், இல்லை.
தொட்டால் வலி, தூக்கினால் வலி, அவ்வளவுதான்.
"அதுல ஒண்ணு வந்தாலும் என்கிட்ட வராதீங்க,
டாக்டர்கிட்ட போங்க.
நேத்து சும்மா படுத்திருந்ததா நெனைக்கிறீங்க.
நீங்க சும்மா இருந்தீங்க, சதை இருக்கல.
இறுகிக் கெடந்ததை இழுத்தா
அதுக்கு அது ஒரு நாள் கூலி வேலை."
"கெட்ட ரத்தம் இறங்குதுன்னு சொல்வாங்களே?"
"சொல்வாங்க."

வைத்துவிட்டு யோசித்தேன்.
மேட்டூரில் திறந்த அன்றைக்கா
எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது?
கல்லணை, வெண்ணாறு, மூணாறு தலைப்பு என்று
மதகு மதகாய் நின்று நின்று
பேப்பரில் படம் போட்டு எல்லோரும் மறந்த பிறகு
சருகும் நுரையும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு
வந்து சேரும்.
விரல் பட்டது ஞாயிறு.
சேதி தோளுக்கு எட்டியது திங்கள்.

திரும்பவும் போட்டேன். "இன்னொரு தடவை பிடிச்சுவிட்டா சரியாகுமா பாய்?"
"சேறடிச்ச அன்னைக்கே நடவு மெஷினை இறக்குவீங்களா?"
மாட்டேன். நாற்று மிதந்துவிடும். சேறு படியணும்.
"அப்ப என்னை ஏன் கேக்குறீங்க?
வெந்நித் துண்டு போடுங்க, தோல் சுடாம.
தண்ணி குடிங்க. படுத்தே கெடக்காதீங்க,
கையை வீசி மெதுவா நடங்க.
அடுத்த தடவை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க.
பல்லைக் கடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் பாத்திரத்தில் தண்ணீர் அலம்பும் சத்தம்.
என்ன பாய் செய்றீங்க என்றேன்.
கொஞ்சம் தயங்கினார்.
"கட்டைவிரலை வெந்நில வச்சிருக்கேன்.
நேத்து உங்களோட சேத்து ஆறு பேரு.
போனை இடது கையில பிடிச்சிருக்கேன்."

திட்ட வைத்திருந்த சொற்கள் எதுவும்
அதன் பிறகு ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் பாமணியாற்றுக் கரையில் நடந்தேன்.
எதிரே வந்த கமிஷன் மண்டிக்காரர்
கையை ஏன் இப்படி வீசுகிறாய் என்று கேட்டார்.
டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன்.

புதன்கிழமை
கொடியில் கைலியைக் காயப் போட்டுவிட்டு
உள்ளே வந்து டீ பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது,
இரண்டு கையும் தலைக்கு மேலே போய் வந்திருக்கின்றன.
பாய்க்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.
மணி பதினொன்று.
யாருடைய முதுகிலாவது இருப்பார்.
வைத்துவிட்டேன்.